அப்பப்பாவின் றேசர்

வணக்கம். நான் தச்சுவேலை செய்பவன். திருகோணமலையில் கதவு, யன்னல், மேசை, கதிரை என்று முப்பது வருடத்துக்கு மேலாக மரத்தோடு கிடப்பவன். தாடி வழிப்பதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிகழ்ச்சிக்காரர் கூப்பிட்டபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கூரான இரும்பை எந்தச் சரிவில் பிடிப்பது என்பதுதானே இரண்டு வேலைக்கும் அடிப்படை? சரி, வந்துவிட்டேன்.

2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது இறக்குமதிச் சாமான் எல்லாம் எப்படி விலை ஏறியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐந்து பிளேட் வைத்த காட்ரிஜ் ஒரு பெட்டியின் விலையைக் கடைக்காரர் சொன்னதும், தாடி வளர்த்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் அப்பப்பாவின் ட்ரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அவர் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது ஒரு மாலுமியிடம் வாங்கிய றேசர் என்று வீட்டில் கதை. பித்தளையில் நிக்கல் பூசியது. களிம்பு பிடித்திருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்தேன். அடியில் இருந்த குமிழைத் திருகினேன். தலையில் இரண்டு கதவு சின்னதாகத் திறந்தது. இன்றைக்குக் கடையில் விற்கிற இரட்டை விளிம்பு பிளேட் அதற்குள் அப்படியே உட்கார்ந்தது.

அடுத்த நாள் காலையில் நாடியில் மூன்று இடத்தில் வெட்டு. கடதாசித் துண்டு ஒட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்க வந்தவனைப் பார்த்து மனைவி கேட்டா: "என்னப்பா, பூனையோட சண்டை பிடிச்சீங்களா?"

பிழை றேசரில் இல்லை, என் கையில்தான். காட்ரிஜின் தலை கழுத்துப் பூட்டு மாதிரி ஆடும், அதனால் அதை அழுத்தி இழுத்துப் பழகிவிட்டோம். அப்பப்பாவுடையதைப் போல ஒற்றைப் பிளேட் போடுகிற சேஃப்டி றேசருக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. அதன் தலை ஆடாது. எழுபது, எண்பது கிராம் பாரம் அதற்கே இருக்கிறது, அந்தப் பாரம் போதும். பிடியின் நுனியை இரண்டு விரலாலும் பெருவிரலாலும் தூக்கிப் பிடியுங்கள். தலையின் மேல்மூடியைக் கன்னத்தில் வையுங்கள், பிடி முகத்துக்கு நேர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்படி வைத்தால் பிளேட் தோலில் படவே படாது. இனி பிடியை மெல்ல மெல்ல இறக்குங்கள். ஒரு இடத்தில் பிளேட் முடியைக் கவ்வத் தொடங்கும். ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவு அது. அங்கேயே நிறுத்தி, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக இழுங்கள். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். சரிவு சரியாக இருந்தால், நன்றாகத் தீட்டிய சீவுளி போகிறபோது வருமே, அந்தச் 'சர்ர்' சத்தம் வரும். சத்தம் நின்றால் சரிவு தவறிவிட்டது. அதைச் சரிசெய்ய அழுத்தாதீர்கள், பிடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

முடி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு நாள் தாடியை விரலால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள், வழுக்கிற பக்கம் எது, உரசுகிற பக்கம் எது என்று விரலே சொல்லும். முதிரைப் பலகை சீவியவர்களுக்கு இது விளங்கும். ஒரே பலகையில் நார் இங்கே ஒரு பக்கம் ஓடும், பக்கத்திலேயே மாறி ஓடும். எதிர்த்துச் சீவினால் பிய்ந்துகொண்டு வரும். என் கழுத்தும் முதிரைதான்: வலது பக்கத்தில் முடி கீழிருந்து மேலே, சரிவாக. அம்பது வயதுக்குப் பிறகுதான் அதைக் கண்டுபிடித்தேன்! முதல் மாதம் முடியின் ஓட்டத்தோடு மட்டும் வழியுங்கள். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும். பிறகு மறுபடி நுரை பூசிக் குறுக்காக ஒரு முறை. எதிர்த்து வழிப்பது கை பழகின பிறகு.

அப்புறம் தண்ணீர். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பார்த்திருப்பீர்கள். நுரை எழும்பாமல் திரைந்த பால் மாதிரி நிற்கும். கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. கொதிக்கவைத்து ஆறவைத்தால் கடினம் ஓரளவு குறையும், உப்பு குறையாது. கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் இருந்தால் அதை எடுங்கள். மாரியில் நான் ஒரு வாளி மழைத்தண்ணீர் பிடித்துவைப்பேன். அதில் எழும்புகிற நுரையே வேறு. பிறஷை நனைத்து உதறிச் சவர்க்காரத்தில் அரை நிமிடம் சுழற்றி, பிறகு முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் குழையுங்கள். முட்டித் தயிரைக் கரண்டியால் அடித்த பதம், மேலே ஒரு மினுக்கம். பெரிய குமிழியாக நின்றால் தண்ணீர் கூடிவிட்டது. முகத்தில் உலர்ந்து வெளுத்தால் போதவில்லை. வழிப்பதற்கு முன் முடி இரண்டு மூன்று நிமிடமாவது ஈரத்தில் ஊற வேண்டும். அதற்காகக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போக வேண்டியதில்லை. குளித்துவிட்டு வந்து வழித்தால் போதும்.

இந்தப் பிளேட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கிங் காம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர், தேய்ந்தால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகட்டுப் பிளேட் ஒன்றை யோசித்தார். அவ்வளவு மெல்லிய உருக்கைத் தீட்ட முடியாது என்று நிபுணர்கள் கைவிரித்தார்கள். நிக்கர்சன் என்ற பொறியியலாளர்தான் செய்துகாட்டினார். 1903இல் விற்ற றேசர்கள் மொத்தம் 51. அடுத்த வருடம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது.

முடியை விட அந்த உருக்கு ஏறத்தாழ 50 மடங்கு கடினம். அப்படியிருந்தும் ஏன் மழுங்குகிறது? 2020இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். முடி வளைந்து விளிம்பில் மோதும்போது, உருக்கு ஒரே சீராக இல்லாத இடத்தில் பொடியாகச் சில்லு பெயர்கிறதாம். உளி பிடிக்கிறவனுக்கு இது ஆச்சரியமில்லை. எனக்கு ஒரு பிளேட் ஐந்து சவரத்துக்கு வரும். முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுவேன். எந்தப் பிளேட் நல்லது என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பைக்கற் வாங்கிப் பாருங்கள். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர், முதல் மாதத்தில் அதைத் தொடாதீர்கள். இன்னொருவர் வழித்த பிளேட்டை, மகனே ஆனாலும், எடுக்கக் கூடாது. இரத்தத்தால் பரவுகிற நோய்கள் இருக்கின்றன.

கடைசியில் குளிர்ந்த தண்ணீர், பிறகு சலூன்காரர் தேய்ப்பாரே, அந்தச் சீனாக்காரம். அது காயத்தை மூடும், எரியவும் செய்யும். எங்கே எரிகிறதோ, அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். எனக்கு இப்போதும் நாடியின் இடது மூலையில் எரிகிறது. றேசரைக் கழுவி, உதறி, அறைக்குள் வையுங்கள். குளியலறை ஈரமும் எங்கள் கடற்காற்றும் சேர்ந்தால் எந்தப் பூச்சும் நிலைக்காது.

பழைய பிளேட்டைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள், குப்பை அள்ளுகிறவரின் கை கிழியும். ஒரு பால்மா ரின்னின் மூடியில் உளியால் ஒரு கீறல் போட்டேன், உண்டியல் மாதிரி. 2022இலிருந்து எல்லாப் பிளேட்டும் அதற்குள்தான். பாதி கூட நிரம்பவில்லை. கையில் கொண்டுவந்திருக்கிறேன், மைக்குக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்குகிறேன், கேளுங்கள்.