என் பேயைக் குடுல!

நடுவர் அவர்களுக்கும் கொடைக்கு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம். ‘போக்கிமான் விளையாட்டு தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்ததா, தேய்ந்ததா?’ தேய்ந்தது என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? ‘இவர்கள் வயரைப் பிடித்துக்கொண்டு பூச்சி பிடித்த காலத்து ஆட்கள்’ என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பூச்சிதான் தம்பி! இதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்து அலைந்தவர். கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை இணைக்கும் வயரைப் பார்த்ததும், அதில் பூச்சி ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. 1996இல் ஜப்பானில் விளையாட்டு வந்தது. நாம் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்து, முட்டை போட்டதா என்று திறந்து திறந்து பார்த்த அதே ஆசைதான். பூச்சியும் வயரும் இல்லையென்றால் தம்பிக்கு இன்று மைக்கே கிடையாது!

இந்த விளையாட்டில் பிடித்து வளர்க்கும் கற்பனை உயிர்கள்தான் போக்கிமான்கள். முதல் தலைமுறையில் 151. சில ஒரு பதிப்பில் கிடைக்காது, சில மற்றதில் கிடைக்காது. இன்னும் சில, கை மாறினால்தான் உரு மாறும். அங்கேதான் எங்கள் வீட்டில் சண்டை.

ஹான்ட்டர் என்று ஒரு பேய். அத்தை மகனின் கேம்பாய்க்குப் போனால் ஜெங்கார் ஆகும், ஆனதும் திருப்பித் தரவேண்டும். இதுதான் பேச்சு. திண்ணையில் உட்கார்ந்து வயரை மாட்டினோம். போனது, மாறியது. ‘குடுல’ என்றேன். ‘எதுக்குல? உங்கிட்ட இருந்தப்ப வளந்துச்சா? எங்கிட்ட வந்துதான வளந்துச்சு, அப்ப என்னுதுல்லா’ என்கிறான். கறுப்புக் கோட்டு ஒன்றுதான் குறை! ‘ஏல, என் பேயைக் குடுல’ என்று நான் கத்த, அடுக்களையிலிருந்து ஆச்சி ஓடி வந்தாள்.

‘எது பேயி? வீட்டுக்குள்ளயா?’

‘இந்தா, இதுக்குள்ள’ என்று அவன் காட்டினான். ஆச்சி மறுபேச்சு பேசவில்லை. சுடலைமாடன் கோயில் திருநீற்றை அள்ளிவந்து கேம்பாய் மேல் அப்பிவிட்டாள். ஸ்கிரீன் முழுக்கத் திருநீறு, நடுவில் ஜெங்கார் சிரிக்கிறது! பட்டன் இடுக்கிலும் திருநீறு. அமுக்கினால் அமுங்கும், எழும்பாது. பேய் ஓடவும் இல்லை, என்னிடம் வரவும் இல்லை.

சரி, தம்பி சொன்ன கணக்குக்கும் வருகிறேன். 2006இல் டைமண்ட், பேர்ல் என்ற பதிப்புகள் வந்ததும் இன்டர்நெட்டில் முகம் தெரியாதவரிடமே மாற்றிக்கொள்ளலாம் என்றானது. 2019இல் ஸ்வார்டு, ஷீல்டு பதிப்புகளில் பழைய போக்கிமான்களில் பலவற்றை உள்ளேயே விடவில்லை. 2022இல் இஷ்டப்படி சுற்றும் உலகம், எண்ணிக்கையும் ஆயிரத்தைத் தாண்டியது. பெரிதுதான், யார் இல்லை என்றது?

அத்தை மகன் இப்போது வளைகுடாவில். அந்தப் பேய் இருந்த விளையாட்டுக் கேசட்டும் அவனோடுதான். அதற்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு, அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். போன வருஷம் நடுராத்திரியில் போன். ‘ஏல, உன் பேயி போயிட்டுல’ என்றான். உன் பேய் என்றான் ஐயா! இத்தனை வருஷம் ‘என்னுது’ என்று கொண்டு திரிந்தவன்! ‘பேய் போனா போகட்டும்ல, நீ லீவுக்கு எப்ப வார?’ என்று கேட்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தம்பி, உங்கள் ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்று போனால் கடல்தாண்டி உங்களுக்கு யார் போன் போடுவார்? யோசித்து வையுங்கள், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம்!