பாட்டுக்குப் போட்ட பூட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கடையில் முறையாகக் காசு கொடுத்துப் பாட்டு வாங்கியவர் அதைத் தம் விருப்பப்படி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பெரும் பொருளையும் திறமைசாலிப் பொறியாளர்களின் உழைப்பையும் செலவிட்டன. டிஜிட்டல் உரிமை மேலாண்மை, சுருக்கமாக டிஆர்எம், என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். நான் இந்த உரையில் அதைப் பூட்டு என்றே சொல்லப் போகிறேன். அந்தப் பூட்டுகளின் கதையில் வயிறு குலுங்கச் சிரிக்க நிறைய இருக்கிறது. பாட்டை நேசிக்கிறவனாகவும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனாகவும் எனக்கு அதில் கோபமும் உண்டு.

சிடி எனப்படும் குறுந்தகடு 1982-இல் கடைக்கு வந்தபோது அதில் பூட்டு எதுவும் இல்லை. பாட்டின் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாக அதில் பதிந்திருந்தது. நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 42 மெகாபைட் ஆகும். அந்தக் காலத்து வீட்டுக் கணினியால் அவ்வளவு பெரிய கோப்பை வைத்துக்கொள்ளவும் முடியாது, தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பவும் முடியாது. கோப்பின் பருமனே காவலாக இருந்ததால் பூட்டைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

அந்தக் காவலை உடைத்தது ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் நடந்த வேலை. பலத்த ஒலி ஒன்று கேட்கும் நேரத்தில் அதை ஒட்டிய மெல்லிய ஒலி நம் காதில் விழுவதில்லை. விழாத ஒலியை எதற்காகச் சேமிக்க வேண்டும் என்ற கேள்விதான் எம்பி3 என்ற சுருக்கிய பாட்டுக் கோப்பு வடிவத்தின் அடிப்படை. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஆய்வாளர் தம் முறையைச் சோதிக்க, சூசன் வேகா என்ற பாடகி பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் தனிக்குரலில் பாடிய ஒரு பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தனிக்குரலுக்குப் பின்னால் பிழையை ஒளித்துவைக்க இடமே கிடையாது. அந்தக் குரல் குரலாகவே வெளிவரும் வரை அவர் விடவில்லை. முடிவில் 42 மெகாபைட் பாட்டு நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கியது. விஞ்ஞானம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1997-இல் வின்ஆம்ப் என்ற இசைக்கும் மென்பொருள் வந்தது, 1999-இல் பாட்டுக் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர உதவும் நாப்ஸ்டர் வந்தது. ஒருவர் கணினியில் இருந்த பாட்டு உலகத்தார் அனைவர் கணினிக்கும் போகத் தொடங்கியது. நம் ஊரிலும் ஒரே தட்டில் நூற்றுக்கு மேற்பட்ட திரைப்பாடல்களை அடைத்த எம்பி3 சிடிகள் நடைபாதைக் கடைகளில் குவிந்தன. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் வாத்தியம் வாசித்தவருக்கும் அதில் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. அவர்களுடைய குறை உண்மையான குறை, அதை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். நான் குறை சொல்வது அதற்கு நிறுவனங்கள் கண்டுபிடித்த மருந்தைத்தான்.

முதல் மருந்து, கணினியில் ஓடாத சிடி. குறுந்தகட்டைக் கருவிகள் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்தை நோக்கிப் படிக்கும். பாட்டுக் கருவி முதலில் உள்ள பாட்டுகளைப் படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். கணினியோ வெளி ஓரத்தில் வேறு தகவல் இருக்கிறதா என்றும் தேடும். அந்த வெளி ஓரத்தில் பொய்யான தகவலை எழுதி வைத்தால் கணினி குழம்பி நின்றுவிடும் என்பது நிறுவனங்களின் கணக்கு. 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் செய்தி வெளியானது: குறுந்தகட்டின் வெளி ஓரத்தில் சாதாரண மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு அந்தப் பொய்த் தகவலை மறைத்துவிட்டால் கணினி பாட்டைத் தாராளமாகப் படிக்கிறது. பல நாள் உழைத்துச் செய்த பூட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையின் பேனாவுக்குத் திறந்துகொண்டது.

அடுத்த ஆண்டு வந்த பூட்டு, சிடியைக் கணினிக்குள் போட்டவுடன் தானாக ஓடும் ஒரு காவல் மென்பொருள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் அதை ஆராய்ந்து, சிடியை உள்ளே போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த மென்பொருள் ஓடவே ஓடாது என்று எழுதினார். விண்டோஸில் எவரும் செய்யக்கூடிய காரியம் அது. பூட்டைத் தயாரித்த சன்காம் நிறுவனம் அவர்மேல் வழக்குத் தொடுக்கப் போவதாக அறிவித்தது. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தலாம் என்று சொன்னதற்கு வழக்கா என்று ஊரே கேட்டதும் பின்வாங்கியது.

இதுவரை சொன்னவற்றைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். 2005-இல் சோனி பிஎம்ஜி என்ற பெரிய இசை நிறுவனம் செய்ததை மறக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று, மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர், தாம் கடையில் வாங்கிய ஒரு சிடி தம் கணினியில் என்ன செய்தது என்பதைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார். அந்தச் சிடி அவருக்குத் தெரியாமல் ஒரு ரூட்கிட்டை நிறுவியிருந்தது. ரூட்கிட் என்பது கணினியின் அடிமட்டத்தில் புகுந்து, தான் இருப்பதே தெரியாமல் தன்னை மறைத்துக்கொள்ளும் மென்பொருள். திருட்டு நிரல் எழுதுகிறவர்கள் கையாளும் முறை அது. டாலர் குறி, எஸ், ஒய், எஸ், மறுபடி ஒரு டாலர் குறி என்று பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது கணினியின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ருசினோவிச் அதை நீக்கியபோது அவருடைய சிடி டிரைவே கணினியின் பட்டியலிலிருந்து காணாமல் போனது.

எந்தக் கோப்பையும் மறைக்கும் என்றேன் அல்லவா, அங்கேதான் கணினிப் பித்தர்கள் வந்தார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க விரும்பியவர்கள், தங்கள் ஏமாற்று நிரல்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டி, விளையாட்டு நிறுவனத்தின் காவல் மென்பொருளுக்குத் தெரியாமல் மறைத்தார்கள். இசை நிறுவனம் தன் பாட்டைக் காக்க விரித்த போர்வைக்குள் விளையாட்டுக் கள்ளர்கள் புகுந்துகொண்டார்கள். சில நாட்களிலேயே அதே போர்வைக்குள் ஒளியும் நச்சுநிரல்களும் வந்துவிட்டன. நிறுவனம் கொடுத்த நீக்கும் மென்பொருளோ, கணினியில் இன்னும் பெரிய ஓட்டையைப் போட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்தக் காவல் மென்பொருளுக்குள் நிரலை நிபந்தனையோடு எவருக்கும் திறந்துவிட்ட லேம் என்ற திறமூல எம்பி3 மென்பொருளின் வரிகள் உரிம நிபந்தனையைப் பின்பற்றாமல் சேர்க்கப்பட்டிருந்ததையும் ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பதிப்புரிமையைக் காக்க வந்த மென்பொருளே பிறருடைய பதிப்புரிமையை மீறியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வானொலி நேயர்களுக்கு இதில் தனியாக ஒரு செய்தி உண்டு. அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர், சோனி பிஎம்ஜியின் டிஜிட்டல் வணிகத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸியிடம் இதைப் பற்றிக் கேட்டது. ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, பிறகு அவர்கள் எதற்காக அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். கேட்கும் மக்களைப் பற்றி ஒரு நிறுவனம் உள்ளுக்குள் என்ன நினைக்கிறது என்பது ஒலிவாங்கிக்கு முன்னால் அன்று வெளிப்பட்டது. அடுத்த சில வாரங்களில் எல்லோருக்கும் ரூட்கிட் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. நிறுவனம் 52 இசைத்தொகுப்புகளின் சிடிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 21 இலட்சம் தட்டுகள் விற்றுப்போயிருந்தன. அவற்றை வாங்கிய ஒவ்வொருவரும் திருடாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். திருட்டுக் கோப்பை இறக்கிக் கேட்டவருடைய கணினிக்கு இந்த ரூட்கிட்டால் ஒரு கேடும் வரவில்லை.

இணையத்தில் பாட்டு விற்ற கடைகளுக்கு வருகிறேன். ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபரில் ஐபாட் என்ற கையடக்கப் பாட்டுக் கருவியை அறிமுகப்படுத்தியபோது, கணினிப் பித்தர்களின் சபையாக விளங்கிய ஸ்லாஷ்டாட் தளத்தின் நிறுவனர், கம்பியில்லா வசதி இல்லை, நோமேட் என்ற போட்டிக் கருவியைவிட இடமும் குறைவு, உதவாது என்று மூன்றே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதினார். ஐபாட் உலகையே வென்றது. பூட்டு விஷயத்தில் முன்கூட்டியே சரியாகச் சொன்ன இந்தக் கூட்டத்தார், மக்கள் எதை விரும்பி வாங்குவார்கள் என்பதில் இப்படிக் கோட்டை விட்டதும் உண்டு. 2003-இல் ஆப்பிளின் இணையக் கடையான ஐட்யூன்ஸ் பாட்டு ஒன்று 99 சென்ட் என்று விற்றது, பூட்டும் போட்டுத்தான் விற்றது.

மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு, 'பிளேஸ் ஃபார் ஷ்யூர்' என்ற முத்திரையை 2004-இல் கொண்டுவந்தது. முத்திரை உள்ள கடையில் வாங்கிய பாட்டு முத்திரை உள்ள எந்தக் கருவியிலும் நிச்சயமாக ஓடும் என்பது வாக்குறுதி. 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் ஸூன் என்ற தன் சொந்தக் கருவியை வெளியிட்டது. நிச்சயமாக ஓடும் என்று சொன்ன பாட்டு அதில் ஓடவில்லை. ஒரு ஸூனிலிருந்து இன்னொரு ஸூனுக்குக் காற்றிலேயே பாட்டு அனுப்பலாம் என்று பெருமையாகச் சொன்னார்கள். பெற்றுக்கொண்டவர் அதை மூன்று முறை, அதுவும் மூன்று நாட்களுக்குள் கேட்க வேண்டும். நீங்களே மெட்டமைத்து நீங்களே பாடிய பாட்டை உங்கள் தம்பிக்கு அனுப்பினாலும் அதே மூன்று முறை, அதே மூன்று நாள்.

நாள் கணக்குப் பார்க்கும் கருவிக்குக் கடிகாரம் வேண்டும். 2008 டிசம்பர் 31 அன்று 30 ஜிபி ஸூன் கருவிகள் உலகெங்கும் ஒட்டுமொத்தமாக உறைந்து நின்றன. காரணமான நிரலை நானும் படித்தேன், சில வரிகள்தான். 1980 முதல் கழிந்த நாட்களை வைத்து அது ஆண்டைக் கணக்கிடும். நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும் வரை ஆண்டு ஆண்டாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், லீப் ஆண்டு என்றால் எண்ணிக்கை 366-ஐத் தாண்டினால் மட்டுமே 366-ஐக் கழிக்க வேண்டும். 2008 லீப் ஆண்டு. அதன் கடைசி நாளில் மிச்சம் சரியாக 366. அது 365-ஐவிட அதிகம், ஆகவே கணக்கை நிறுத்தக் கூடாது. அது 366-ஐத் தாண்டவில்லை, ஆகவே கழிக்கவும் கூடாது. நிறுத்தவும் முடியாமல் கழிக்கவும் முடியாமல் கருவி அந்த வரிகளையே சுற்றிச் சுற்றி வந்தது. பேட்டரியைத் தீர விட்டு, மறுநாள் கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் செய்யுங்கள் என்பதுதான் நிறுவனம் சொன்ன பரிகாரம். மாதச் சந்தாவில் பாட்டுக் கேட்டவர்கள் அதன் பின்னும் கருவியைக் கணினியில் செருகி, கேட்கும் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னது.

மைக்ரோசாஃப்டின் பழைய கடையான எம்எஸ்என் மியூசிக் மூடப்பட்டபோது நடந்ததை நான் மிகக் கடுமையாகவே மதிப்பிடுகிறேன். பூட்டிய பாட்டு புதுக் கணினியில் ஓட வேண்டுமென்றால் நிறுவனத்தின் சர்வர் அனுமதி தர வேண்டும். 2008 ஏப்ரலில், ஆகஸ்டு மாதத்தோடு அந்தச் சர்வரை நிறுத்தப்போவதாக வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போனது. கணினி பழுதானால் காசு கொடுத்து வாங்கிய பாட்டும் அதோடு போகும். எதிர்ப்பு வலுத்ததால் 2011 வரை சர்வரை ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். அதே 2008-இல் யாஹூ தன் பாட்டுக் கடையை மூடியபோது, பாட்டுகளைச் சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னது. சிடியில் எழுதினால் பூட்டு போய்விடும். பூட்டைக் கழற்றும் வழியைக் கடைக்காரரே கடைசி நாளில் சொல்லிக்கொடுத்தார்.

ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் எழுதிய திறந்த கடிதத்தில் எளிய கணக்கு ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இணையத்தில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு, அதே நிறுவனங்கள் பூட்டே இல்லாத சிடிகளில் விற்றவை 2,000 கோடிக்கும் அதிகம். அகலத் திறந்த வாசலுக்குப் பக்கத்தில் திட்டிவாசலை மட்டும் பூட்டிவைப்பதால் என்ன பயன்? இஎம்ஐ என்ற இசை நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் பூட்டைக் கைவிட்டது. நான்கு பெரிய நிறுவனங்களில் கடைசியாகப் பூட்டை விட்டது, ரூட்கிட் புகழ் சோனி பிஎம்ஜி. ஐட்யூன்ஸ் 2009 ஜனவரியில் பூட்டில்லாத கடையாக மாறப்போவதாக அறிவித்தது.

இன்று பூட்டு வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் நாம் பாட்டை வாங்குவதில்லை, மாத வாடகைக்குக் கேட்கிறோம். செயலியில் இறக்கிவைத்த பாட்டும் சந்தா நின்றால் திறக்காது. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஸீ மியூசிக் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறிந்தபோது, இந்தியாவில் பலர் ஆசையாகச் சேர்த்த பட்டியல்களிலிருந்து ஏராளமான இந்திப் பாடல்கள் மறைந்தன. வசதியை நான் மறுக்கவில்லை, நானும் அப்படிக் கேட்கிறேன். ஆனாலும் உயிருக்கு உயிரான பாட்டு என்று ஒன்று இருந்தால் அதைக் கோப்பாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நேயர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பேண்ட்கேம்ப் போன்ற கடைகளில் பாடகர் விற்கும் பாட்டைப் பூட்டில்லாத கோப்பாகவே தருகிறார்கள், பணத்தின் பெரும்பகுதி பாடியவருக்குப் போகிறது. தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஃபிளாக் வடிவத்தைக் கேளுங்கள். சிடியில் உள்ள ஒலியில் ஒரு துளியும் இழக்காத வடிவம் அது. அதன் இலக்கணம் 2024 டிசம்பரில் இணையத் தர ஆவணமாக, எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது. இன்று ஃபிளாக்கை இசைக்கும் மென்பொருள்கள் அனைத்தும் நாளை மறைந்தாலும், அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவரால் புதிதாக ஒன்றை எழுதிவிட முடியும்.

நன்றி. வணக்கம்.