‘ஃபார்பிடன் கேம்ஸ்’: ஐந்து வயது பாலெத்தின் கல்லறைத் தோட்டம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நான் பேசப்போவது 1952இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பற்றி. பெயர் ‘ஃபார்பிடன் கேம்ஸ்’, இயக்கியவர் ரெனே கிளெமோன். மூலக்கதை பிரான்சுவா புவாயே எழுதி 1947இல் வந்த நாவல். புவாயே இதை முதலில் திரைக்கதையாகத்தான் எழுதினார், படமாக எடுக்க யாரும் முன்வரவில்லை. நாவலாக மாற்றி வெளியிட்டார். கடைசியில் அந்த நாவல்தான் படமானது. முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். படத்தைப் பார்த்துவிட்டு வர நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1940 ஜூன். ஜெர்மன் படை பாரிஸை நெருங்குகிறது. ஜனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறார்கள். ஒரு பாலத்தருகே விமானத் தாக்குதல். ஐந்து வயது பாலெத்தின் நாய்க்குட்டி துள்ளி ஓட, அதைப் பிடிக்க அவள் ஓட, அவளைப் பிடிக்க அப்பாவும் அம்மாவும் ஓடுகிறார்கள். பெற்றோர் இருவரும் அங்கேயே குண்டடிபட்டுச் சாகிறார்கள்.

அடுத்து வருவதைக் கவனித்துப் பாருங்கள். பாலெத் கதறவில்லை. அம்மாவின் கன்னத்தைத் தொடுகிறாள். அப்புறம் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். அவ்வளவுதான், வசனமே கிடையாது. அந்தக் கன்னம் ஏன் தன் கன்னம் மாதிரி இல்லை என்று அந்தப் பிள்ளை யோசிப்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. பாலெத்தாக நடித்த பிரிஜித் ஃபொசேவுக்கும் அப்போது ஐந்து வயதுதான்!

செத்த நாயை யாரோ ஆற்றில் வீசிவிட, அதை எடுக்கப் போய்த்தான் அவள் மிஷெலைச் சந்திக்கிறாள். தோலே என்ற ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன். அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அப்பா அம்மா செத்துப்போனார்கள் என்பது அவளுக்குத் தெரியும். செத்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. குழிக்குள் வைப்பார்கள் என்று மிஷெல் சொல்கிறான். சரி, நாயையும் புதைக்க வேண்டும். ஆனால் அது தனியாக இருக்குமே? துணைக்கு ஒரு அகழெலி. அப்புறம் இன்னும் இன்னும் உயிர்கள். பழைய ஆலை ஒன்றுக்குள் ஒரு கல்லறைத் தோட்டமே உருவாகிவிடுகிறது. அதற்கெல்லாம் சிலுவை வேண்டுமே! இறந்துபோன தன் அண்ணனின் சவ வண்டியிலிருந்தே மிஷெல் சிலுவைகளைத் திருடுகிறான்.

இதை விபரீத விளையாட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தன் பெற்றோரைப் புதைப்பதை பாலெத் பார்க்கவே இல்லை. அவர்களுக்காக அழவும் ஜெபிக்கவும் அவளோடு யாரும் உட்காரவில்லை. செய்யாமல் விட்டுப்போன அந்தச் சடங்கைத்தான் நாய்க்கும் எலிக்கும் செய்துகொண்டிருக்கிறாள்.

ஒரு காட்சியில் மிஷெல் பேனாவை விமானம் போலப் பாய்ச்சி ஒரு கரப்பான்பூச்சியைக் குத்திக் கொல்கிறான். பாலெத் கோபப்படுகிறாள். கொன்றது நான் இல்லை, குண்டு என்கிறான் அவன். போர் பிள்ளைகளின் பேச்சுக்குள் எப்படிப் புகுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது.

குறையும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களோடு தோலே குடும்பம் போடும் சண்டை நகைச்சுவைக்காக ரொம்பவே இழுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு அப்பாக்களும் வெட்டிவைத்த குழிக்குள்ளேயே விழுந்து அடித்துக்கொள்ளும் காட்சியை வெட்டச் சொல்ல மாட்டேன். கல்லறைக்கு மரியாதை தருவது யார் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

முடிவுக்கு வருவோம். பாலெத்தை அழைத்துப்போக போலீஸ் வருகிறது. அவளை அனுப்பாமல் இருந்தால் சிலுவைகள் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்கிறான் மிஷெல். சரி என்று வாக்குக் கொடுத்து இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மிஷெலின் அப்பா கையெழுத்துப் போட்டு அவளை அனுப்பிவிடுகிறார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் தீரவே இல்லை. இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குச் சோறு போட்டவர். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கும் வாக்குதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரயில் நிலையக் கூட்டத்தில் யாரோ மிஷெல் என்று கூப்பிட, பாலெத் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே ஓடுகிறாள். ஓட ஓட அது “அம்மா” என்று மாறுகிறது. அவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்த துக்கம் அங்கேதான் உடைகிறது.

படம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது, ஆஸ்கரில் கௌரவ விருதும் கிடைத்தது. நார்சிசோ யெப்பெஸின் ஒற்றை கிடார்தான் பின்னணி இசை. டப்பிங் வேண்டாம், பிரெஞ்சு ஒலியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். ஃபொசேவின் குரல் போய்விட்டால் பாதிப் படம் போய்விடும். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால், அந்தப் பாலத்துக் காட்சியை மட்டும் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.