ஆறு சிவப்பில் ஓர் உலகப் போட்டி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்னூக்கர் மேசையை நீங்கள் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். பச்சைத் துணி விரித்த பெரிய மேசை. ஏறக்குறைய 12 அடி நீளம், 6 அடி அகலம், ஓரத்தில் ஆறு குழிகள். அதன் மேல் முக்கோணமாக அடுக்கிய 15 சிவப்புப் பந்துகள். நான் இன்றைக்குப் பேச வந்தது, அதே மேசையில் 6 சிவப்புப் பந்துகளை மட்டும் வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி. அதற்கென்று தாய்லாந்தின் பாங்காக்கில் 2008-இல் தொடங்கிய சர்வதேசப் போட்டியைப் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேசை சுருங்கவில்லை. குழிகள் அகலமாகவில்லை. மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என்ற ஆறு வண்ணப் பந்துகளும் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன. சிவப்பு மட்டும்தான் குறைந்திருக்கிறது. ஸ்னூக்கர் நன்றாகத் தெரிந்தவர்களே, “பந்து குறைவு, அதனால் ஆட்டம் சுலபம்” என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மறுத்திருக்கிறேன். இன்றைக்கும் மறுக்கத்தான் வந்திருக்கிறேன்.

கொஞ்சம் கணக்கு. காகிதம், பேனா வேண்டாம். ஒரு சிவப்பைக் குழியில் போட்டால் 1 புள்ளி. அடுத்துக் கறுப்பைப் போட்டால் 7; சிவப்பு இருக்கும்வரை கறுப்பை எடுத்து மறுபடி மேசையில் வைத்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து 8. வழக்கமான ஆட்டத்தில் இப்படிப் பதினைந்து முறை போட்டால் 120. கடைசியில் மிஞ்சும் ஆறு வண்ணங்களுக்கு 27. ஆக 147. ஸ்னூக்கரின் புகழ்பெற்ற எண் அதுதான். ஆறு சிவப்பில் 48, அதோடு அதே 27. மொத்தம் 75.

சரி, ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு சுற்றை, வெல்ல 75-உம் வேண்டுமா? வேண்டாம். ஐந்து சிவப்பு, ஐந்து கறுப்பு போட்டால் 40 வந்துவிடும். மேசையில் மிச்சமிருப்பது 35. நீங்கள் தவறுகளால் புள்ளி கொடுத்தாலொழிய, எதிராளி பந்து போட்டு மட்டும் உங்களைப் பிடிக்க முடியாது. அதாவது பத்துப் பந்துகள் போதும். பதினைந்து சிவப்பு ஆட்டத்தில், ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே போட்டாலும், அந்த நிலைக்கு வர 19 பந்துகள் வேண்டும். பத்து எங்கே, பத்தொன்பது எங்கே! நீள ஆட்டத்தில் நீங்கள் ஒரு பந்தைத் தவறவிட்டால், எதிராளி அந்தப் பத்தொன்பதுக்குள் எங்காவது தடுமாறுவார் என்று நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கலாம். குறுகிய ஆட்டத்தில் அந்த நம்பிக்கை பாதியாகிவிடுகிறது. பந்து குறையக் குறையத் தவறின் விலை ஏறுகிறது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

இங்கே தெப்சையா உன்-நூ என்ற தாய்லாந்து வீரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிற்பதும் குனிவதும் அடிப்பதும் ஒரே மூச்சில் நடந்துவிடும், அவ்வளவு வேகமான ஆட்டக்காரர். 2015-இல் பாங்காக்கில், தன் நாட்டு மக்கள் முன்னிலையில், சீனாவின் லியாங் வென்போவை இறுதியில் 8-2 என்று வென்று ஆறு சிவப்பின் உலகப் பட்டத்தை எடுத்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் யார்க் நகரில் யு.கே. சாம்பியன்ஷிப். அது பதினைந்து சிவப்பு ஆட்டம். அங்கே ஒரு ஃபிரேமில் சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று போட்டுக்கொண்டே போனார். 147 எடுக்க 36 பந்துகளை இடைவிடாமல் போட வேண்டும். 35 விழுந்துவிட்டன. புள்ளி 140. மேசையில் கறுப்பும், கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தும் மட்டும். கறுப்பை அடித்தார். விழவில்லை.

அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும். முப்பத்தைந்து பந்துகளை அநாயாசமாகப் போட்ட அதே கை, கடைசிப் பந்தில் இறுகிவிடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தவறு அவருக்கு 147-ஐத்தான் பறித்தது. ஃபிரேம் எப்போதோ அவர் கைக்கு வந்துவிட்டது. ஆறு சிவப்பில் அப்படி இல்லை. கடைசிக் கறுப்பின் முன்னால் வரும் அந்தப் பதற்றம் அங்கே முதல் சிவப்பிலேயே வந்துவிடுகிறது. அதைத் தாங்கிக்கொண்டுதான் அவர் பாங்காக்கில் பட்டம் வென்றார். அதே மேடையில் 2017 இறுதியில் மார்க் வில்லியம்ஸிடம் அதே 8-2 கணக்கில் தோற்றும் போனார். 2023-இல் மறுபடி இறுதிக்கு வந்து டிங் ஜுன்ஹுயியிடம் 8-6 என்று இழந்தார். இந்த ஆட்டம் எவ்வளவு நுணுக்கமானது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மூன்று இறுதிகளையும்தான் சொல்வேன்.

இன்னொருவர் இங்கிலாந்தின் மார்க் டேவிஸ். 2012, 2013 என்று அடுத்தடுத்து பாங்காக்கில் பட்டம். முதல் இறுதியில் ஷான் மர்ஃபி, அடுத்ததில் நீல் ராபர்ட்சன். இருவருமே பதினைந்து சிவப்பின் உலகச் சாம்பியன்கள்! டேவிஸோ நீள ஆட்டத்தில், உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் போட்டி ஒன்றின் இறுதிக்கு முதன்முதலாக வந்ததே 2018-இல்தான். இரண்டுக்கும் தனித்தனித் திறமை வேண்டும் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், ஒரு விதி. எங்கே பேசினாலும் இதை நான் விடுவதில்லை. எதிராளி வெள்ளைப் பந்தை ஒரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார், நீங்கள் சிவப்பைத் தொட வேண்டும், தொடவில்லை. முயற்சி போதவில்லை என்று நடுவர் கருதினால், பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி ஆடச் சொல்ல எதிராளிக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு தவறுக்கும் குறைந்தது 4 புள்ளி அவருக்குப் போகும். நீள ஆட்டத்தில் இது பத்துமுறைகூட நீளலாம். ஆறு சிவப்பில் நான்காவது தவறோடு நடுவர் எச்சரிப்பார். ஐந்தாவதும் தவறினால், எதிராளி வெள்ளைப் பந்தை மேசையில் தான் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம்.

கடுமையாகத் தோன்றுகிறதா? நான்கு தவறுக்கு 16 புள்ளி போய்விட்டது. 147-இல் 16 என்பது ஒன்பதில் ஒரு பங்கு. 75-இல் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அப்படியே விட்டால், யாரும் பந்து போடாமலே ஃபிரேம் முடிந்துவிடும். இந்த விதி அந்த இழுவைக்கு ஓர் எல்லை வைக்கிறது. மிக நியாயமான விதி என்பதே என் கருத்து.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். இந்திய வீரர் பங்கஜ் அத்வானியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். தொழில்முறை அல்லாத வீரர்களுக்கு ஆறு சிவப்பில் தனியாக ஓர் உலகப் போட்டி உண்டு. அதை அவர் 2014-இல் எகிப்தில் வென்றார். 2015-இல் கராச்சியில் மறுபடி வென்றார். அதே ஆண்டு, மறுபடி எகிப்தில், தொழில்முறை அல்லாதவர்களுக்கான பதினைந்து சிவப்பின் உலகப் பட்டத்தையும் எடுத்தார். அந்த இறுதியில் அவரிடம் தோற்ற இளைஞர் சீனாவின் சாவோ சின்தோங். பத்து ஆண்டுகள் கழித்து, 2025-இல், தொழில்முறை உலகச் சாம்பியன் ஆனவர் அவர்தான்.

நன்றி, வணக்கம்.