சோற்று வேளையில் வீங்கும் தாடை

நேயர்களுக்கு வணக்கம். நான் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கழுத்தில் தடிமனாக ஒரு தங்கச் சங்கிலி. "பொன்னுக்கு வீங்கி, டாக்டர். இந்த வருஷத்துல மூணாவது தடவை. மாமியார்தான் சங்கிலியைப் போட்டுவிட்டாங்க" என்றார்.

பொன்னுக்கு வீங்கி ஒருமுறை வந்துபோனால் மறுபடி வருவது அபூர்வம். அதுவும் பெரும்பாலும் காதோரம்தான் வீங்கும். இவருக்கோ தாடைக்குக் கீழே. எப்போது வீங்குகிறது என்று கேட்டேன். "தட்டு முன்னாடி உக்காந்தா போதும். அப்புறம் ஒரு மணி நேரத்துல தானா வடிஞ்சிடும்." அந்தப் பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது: எச்சில் குழாயில் கல்.

எச்சில் கற்களில் 80 விழுக்காடு தாடைக்குக் கீழே உள்ள எச்சில் சுரப்பியில்தான் வருகின்றன. அங்கே ஊறும் எச்சில் கொஞ்சம் கெட்டி, சுண்ணாம்புச் சத்தும் அதிகம். போதாக்குறைக்கு, 5 சென்டிமீட்டர் குழாயில் அது மேல்நோக்கி ஏற வேண்டும். சாப்பாட்டைப் பார்த்ததும் எச்சில் ஊறுகிறது, கல் வழி விடுவதில்லை, சுரப்பி உப்புகிறது. தண்ணீர் குறைந்தால் எச்சில் இன்னும் கெட்டிப்படும். அந்த அம்மா ஜவுளிக்கடையில் வேலை செய்பவர். கழிப்பறை வசதி இல்லாததால் வேலூர் வெயிலிலும் பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர்த்துவந்தார். இதற்கு நான் என்ன மருந்து எழுதுவது?

நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியைப் பஞ்சால் ஒற்றி, நாக்கில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். நாக்கடியில் எச்சில் குழாய் திறக்கும் இடப்பக்கத் துளையில் எச்சில் பளபளவென்று துளிர்த்தது. வலப்பக்கம் காய்ந்தே கிடந்தது. வாய்க்குள் ஒரு விரல், தாடைக்கு வெளியே ஒரு விரல் வைத்துத் தடவினால், நடுவே அரிசி மணி போல ஒன்று நெருடியது. ஸ்கேனும் அதையே காட்டியது. எக்ஸ்ரேயில் எல்லாக் கல்லும் தெரியாது.

சின்னக் கல் என்றால் நிறையத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், பின்னாலிருந்து முன்னால் நீவிவிடுவது, புளிப்பு மிட்டாய் ஆகியவற்றிலேயே வெளியே வந்துவிடலாம். வராவிட்டால், துளைக்கு அருகில் உள்ளதை மரத்துப்போக ஊசி போட்டு வாய்க்குள்ளேயே கீறி எடுப்போம். உள்ளே தள்ளி இருந்தால் மெல்லிய எண்டோஸ்கோப். சுரப்பியையே எடுப்பது கடைசி வழி. காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றே வாருங்கள். சாப்பாட்டோடு தொடர்பே இல்லாமல், வலிக்காமல் நிற்கும் கட்டியைக் கல் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அது வேறு கதையாக இருக்கலாம்.

அந்த அம்மாவுக்குக் கீறித்தான் எடுத்தோம். கல்லைக் காகிதத்தில் மடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டார், மாமியாரிடம் காட்ட வேண்டுமாம்.