வாளையாற்றில் ஒரு காகிதப் பட்டை

[காட்சி: விடியற்காலை, வாளையாறு சோதனைச் சாவடி. மீன் லாரியின் பின்கதவு திறக்கிறது.]

இந்த அயிலையை அழுத்திப் பாருங்கள். சதை விறைப்பாக இருக்கிறது. விறைப்பாக இருந்தால் புது மீன் என்றுதான் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் பிணவறையில் பயன்படும் ஃபார்மலினும் சதையை இப்படித்தான் இறுக வைக்கும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

[அண்மைக் காட்சி: மீனின் மேல் வெள்ளைப் பட்டை.]

ஃபார்மலின் இருக்கிறதா என்று காட்டும் பட்டை இது. இதை மீனின் மேல் சில முறை தேய்த்து, பட்டையின் மேல் ஒரு சொட்டு வேதிக்கரைசல் விடுகிறார்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் எழுகிறது. அதை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது இது. 2018 ஜூனில், கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ சோதனையின்போது எல்லைச் சாவடிகளில் டன் கணக்கில் மீன் பிடிபட்டதில் இந்தப் பட்டைக்குப் பெரும் பங்கு உண்டு.

[பழைய புகைப்படம்: மரப்பெட்டிக் கருவி.]

ஆய்வுக்கூடத்தைப் பொருள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் ஆசை பழையது. 1934இல் அமெரிக்காவின் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க ஒரு கருவி செய்தார். மேசை முழுக்கப் பரவிக் கிடந்த சாமான்களை ஒரே பெட்டிக்குள் அடக்கினார். 1970களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாயுக்களைப் பிரித்தறியும் கருவியையே ஒரு சிலிக்கான் தகட்டில் செதுக்கினார்கள்.

1990இல் வேதியியலாளர் ஆண்ட்ரியாஸ் மான்ஸ் முன்வைத்த கருத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. கருவி சிறுத்தால் தூக்க எளிது என்பதோடு நிற்கவில்லை, வேகமும் கூடும் என்றார்.

[அசைபடம்: மெல்லிய குழாய், பரவும் சாயம்.]

சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறு, கலக்காத நீரில் ஒரு மில்லிமீட்டர் பரவப் பல நிமிடம் ஆகும். தூரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். நேரம் நூறில் ஒன்றாகிவிடும், அதாவது சில வினாடி! முடியளவு குழாயில் வேதிவினை சட்டென்று முடிவது இதனால்தான்.

பட்டை தீர்ப்பு எழுதுவதில்லை. ஃபார்மலினில் கரைந்திருக்கும் ஃபார்மால்டிஹைடு, சில கடல் மீன்களில் இயல்பாகவே உருவாகும். ஆகவே மாதிரி ஆய்வுக்கூடம் போயாக வேண்டும். அறிக்கை தரச் சட்டம் 14 நாள் அவகாசம் தருகிறது. மீனோ இன்று மதியமே பாலக்காட்டில் ஒரு வீட்டுச் சட்டியில் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால், இந்தச் சாவடியில், நமக்குக் கிடைப்பது அந்த ஓரிரு நிமிடம்தான்.

[காட்சி: பட்டையில் நிறம் ஏறுகிறது. லாரி காத்து நிற்கிறது.]