சயாம் ரயிலுக்குப் போனவர்கள்

(மும்பை மாட்டுங்காவில், பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நெல்லையிலிருந்து ரயிலேறி வந்து நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும் பேராசிரியர் அவர்களே, மகளிர் அணிச் சகோதரிகளே, தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். அரங்கத்தை வாடகையில்லாமல் தந்த பள்ளி நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு வணக்கம்.

போர்க்காலக் கொடுமையை ஒரு நாடு எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது? கொரியா, ஜெர்மனி, நாம் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஜப்பான் ராணுவம் தன்னைப் பாலியல் அடிமையாக வைத்திருந்ததை, 1991 ஆகஸ்டில் கிம் ஹாக்-சுன் என்ற கொரிய மூதாட்டி சொந்தப் பெயரோடு வெளியே சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடிந்து 46 ஆண்டு ஆகியிருந்தது. அப்புறம் மற்றவர்களும் வாய் திறந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1993-ல் ஜப்பான் அரசின் கோனோ அறிக்கை ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. மறுப்பவர்கள் இன்றும் உண்டு. மறுப்பதற்கும் அதைப் பேசித்தானே ஆக வேண்டும்?

சரி, நம் கதைக்கு வருகிறேன். 1942, 43-ல் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள் ஜப்பானியர்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்து, 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியக் கூலிகள் அந்தக் கைதிகளைப்போல் மூன்று மடங்கு. அவர்களில் 90,000 பேர் செத்திருக்கலாம் என்கிறார்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் ஏராளம். தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறையில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கற்கள். தப்பிய கைதிகள் ஊருக்குப் போய்ப் புத்தகம் எழுதினார்கள், சாட்சி சொன்னார்கள். காலராவில் விழுந்த நம்மவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும். நம் பிள்ளை அழவே இல்லை.

தாராவியில் ஒரு பாட்டி. மலாயாவில் பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஒருநாள் பொழுது சாய கங்காணி வந்து, "மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி" என்றானாம். வெள்ளி என்றால் மலாயா டாலர். அப்பா ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டு கூட்ஸ் வண்டியில் ஏறினார். மூன்று மாதம் போச்சு, போரும் முடிஞ்சது, ஆள் வரவில்லை. அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார். பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டைக் காட்டினார். ஜப்பான்காரன் அடித்த பத்து வெள்ளி, வாழைமரம் போட்டது. அப்பா புறப்படும்போது கொடுத்த முன்பணம். மடித்த இடம் கிழிந்து, பின்னால் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. பக்கத்திலிருந்த பேரன், "இதை என்கிட்ட சொல்லவே இல்லையே ஆச்சி" என்றான். "நீ கேட்டியாலே?" என்றார் பாட்டி.

ஜெர்மனியில் 1986-ல் வரலாற்றாசிரியர்கள் நாஜிக் குற்றங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் மோதிக்கொண்டதை இன்னொரு மேடையில் சொல்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சங்க நூலகத்தில் ஓர் அறை வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்டு வருகிறேன். மலாயா, பர்மா போய் வந்த குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்து வைக்க ஓர் அறை, ஓர் அலமாரி, நல்ல மைக் ஒன்று. பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுக்கப் போனால், "ஆதாரம் எங்கே?" என்பார்கள். ஆதாரம் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கிறது. வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வீட்டுப் பெரியவர் பெயர், அவர் இருந்த தோட்டம், உங்கள் போன் நம்பர் மூன்றையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.